எஞ்சின் மாறிய லொறியும் ஒரு பழைய வினாவும்

ஒவ்வொரு லொறியின் பதிவுப் புத்தகத்திலும் இரண்டு இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று எஞ்சினின் இலக்கம். மற்றையது அடிச்சட்டத்தின் இலக்கம். கராஜ்களிலே அதனைச் 'செசி நம்பர்' என்பர். எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். பழைய இலக்கம் போய்ப் புதிய இலக்கம் புத்தகத்தில் ஏறும். ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு லொறி அதே லொறியாகவே தோன்றும். அதன் தகட்டிலக்கமும் மாறுவதில்லை. செசி மாறுமாயின் கதை வேறு. ஆகவே எலும்புக்கூட்டையே லொறியெனச் சட்டம் கருதுகிறது என்று நாம் கொள்ளலாம். சாரதிமாரைக் கேட்டாலோ இதற்கு நேர்மாறான விடையே கிடைக்கும். 'எஞ்சின்தானே உயிர்' என்பர் அவர்கள். எழுத்துக்களை உயிரென்றும் மெய்யென்றும் வகுத்து, மெய் தனித்து இயங்காது, உயிர் சேர்ந்தே இயங்கும் என்று கண்ட நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் சாரதிமாரின் பக்கமே நின்றிருப்பர் என எண்ணத் தோன்றுகிறது.

இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. எமது ஊரிலே ஒரு பெட்போட் லொறி இருக்கிறது. இங்கிலாந்தின் வொக்ஸோல் நிறுவனத்தார் 1931ஆம் ஆண்டு தொடக்கம் பெட்போட் என்ற பெயரில் லொறிகள் செய்து விற்றனர். 1958இல் அவர்கள் வெளியிட்ட ஜே வகை லொறி, நீண்ட மூக்கும் தடித்த இரும்புச் செசியும் உடையது. நெல்லும் சீமெந்தும் புகையிலையும் சுமந்து இலங்கைத் தெருக்களில் ஒரு தலைமுறைக்கு மேலாக ஓடியது. எமதூர் லொறியும் அவ்வகையினதே. ஆறு சிலிண்டர்ப் பெற்றோல் எஞ்சின் அதற்கு இருந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. அக்காலத்தைக் கண்டோர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை; காணாதோர்க்காகச் சொல்கிறோம். பழைய பெற்றோல் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மருந்துக்குப்பியில் அளந்து பெற்றோல் வைத்திருந்த காலம் அது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் காரும் போலவே இந்தப் பெட்போட்டும் புகை கக்கிக்கொண்டு உயிர்வாழ்ந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் மழைக்குள்ளே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, முதியோரையும் நோயாளரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இந்த லொறி அடிக்கு அடி நகர்ந்தது. மூட்டைகளின்மேல் ஏற்றப்பட்ட சிறுபிள்ளைகளுள் நாமும் ஒருவராயிருந்தோம். லொறியை ஓட்டியவர் அன்று முப்பது வயதைக் கடந்த இளைஞர். இன்றும் அதனை ஓட்டுபவர் அவரே.

2002இல் பாதை திறந்தபின் ஜப்பானிய டீசல் லொறிகள் வந்து நிறைந்தன. பெற்றோல் குடிக்கும் பெட்போட் வேம்பின்கீழ் நின்றுவிட்டது. கோழிகள் அதன் இருக்கையில் முட்டையிட்டன. அங்கேயே அதன் கதை முடிந்திருக்கும். ஆனால் 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. 2025 வரை அத்தடை பெரும்பாலும் நீடித்தது. ஓடக்கூடிய எந்தப் பழைய இரும்புக்கும் விலை ஏறிற்று. லொறியின் உரிமையாளர், தந்தைக்குப்பின் அதனை அடைந்த மகன், 2021இல் ஒரு முடிவுக்கு வந்தார். விபத்தில் நொறுங்கிய ஒரு ஜப்பானிய லொறியின் டீசல் எஞ்சினை வாங்கிப் பெட்போட்டுக்குள் வைப்பதென்பதே அம்முடிவு.

பெற்றோல் லொறிக்குள் டீசல் எஞ்சினைப் பொருத்துவது புதிய செயலன்று. இங்கிலாந்திலே பீற்றர்பரோ நகரில் 1932இல் தொடங்கிய பேர்க்கின்ஸ் நிறுவனம் வளர்ந்தது பெருமளவுக்கு இவ்வழியிலேயாம். அதன் பி6 என்னும் எஞ்சின் பெற்றோல் லொறிகள் பலவற்றின் மூக்குக்குள் குடிபுகுந்தது. ஆனால் பேர்க்கின்ஸ் எஞ்சினுக்கும் பெட்போட்டுக்கும் இடையிலிருந்தது ஒரே தலைமுறையின் உறவு. 2021இல் எமதூரில் நடந்தது பேரனின் இதயத்தைப் பாட்டனின் மார்பில் வைக்கும் வேலை. புதிய எஞ்சின் நான்கு சிலிண்டர் உடையது. காற்றை அழுத்தி ஊட்டும் ரேர்போவும், 'கொமன் ரெயில்' எனப்படும் எரிபொருள் முறையும் கொண்டது. பழைய டீசல் பம்பிகள் இருநூறு வளிமண்டல அழுத்தம் அளவில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீச்சின. கொமன் ரெயிலில் அது ஆயிரத்தைந்நூறையும் தாண்டும். எப்போது, எத்தனை துளி என்பதை ஒரு சிறு கணினி கணக்கிடுகிறது.

வேலை நடந்த ஏழு வாரமும் மாலைவேளைகளில் நாம் அந்தக் கராஜுக்குப் போனோம். கற்பதற்கு அங்கே நிறைய இருந்தது. எஞ்சினின் பின்வாயும் பழைய கியர்ப்பெட்டியின் முன்வாயும் பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவே வைக்கத் தடித்த உருக்குத் தகடொன்றை மெக்கானிக் கடைசல் பட்டறையில் வெட்டுவித்தார். அத்தகட்டின் நடுப்புள்ளி மயிரளவு விலகினாலும் கியர்ப்பெட்டியின் தண்டு நாளடைவில் தேய்ந்து ஒடியும் என்றார். எஞ்சினைத் தாங்கும் கைகளைப் புதிதாக ஒட்டினார். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி முன்னச்சில் இடித்தது. அதனை அறுத்து வேறு வடிவில் அமைத்தார். பழைய றேடியேற்றர் போதவில்லை. எரியாது மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்பிச் செல்ல இரண்டாவது குழாயொன்று வேண்டியிருந்தது. இவையெல்லாம் கண்ணால் அளந்தும் கையால் தடவியும் செய்த வேலைகள். கணினியின் கம்பிகளை இணைக்க மட்டும் பட்டணத்திலிருந்து ஓர் இளைஞர் மடிக்கணினியோடு வந்தார். அரைநாளில் வேலையை முடித்து, மெக்கானிக் ஒரு வாரம் உழைத்துப் பெறும் கூலியைப் பெற்றுச் சென்றார். அவர் செய்ததை மெக்கானிக் தள்ளிநின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்விடத்தில் எமது சொந்தப் பேராசை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய சட்டகத்துக்குள் புதிய எஞ்சின் என்றதும், எம்போன்று எழுதுவோர்க்கு உவமை ஊறத் தொடங்கிவிடும். பழைய சமூக அமைப்பு, புதிய கல்வி. பழைய சாதிக் கட்டு, புதிய சட்டம் என்று அடுக்கிச் செல்லலாம். நாமும் அவ்வழியே போக முற்பட்டு, பழைய சட்டகத்தை உடைத்தெறிய வேண்டாமா என்று மெக்கானிக்கைக் கேட்டோம். அவர் செசியைச் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்கச் செய்தார். 'இதைப்போல இரும்பு இப்ப ஆர் போடுறான், மாஸ்ரர்?' என்றார். எமது உவமை அன்றே வீழ்ந்தது. லொறியை லொறியாகவே பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

எஞ்சின் இயங்கிய நாளில் தேநீர்க்கடையில் வாதம் எழுந்தது. இது பழைய லொறியா, புதிய லொறியா? பெயர்ப்பலகையும் மூக்கும் இருக்கும்வரை பழையதே என்றனர் சிலர். ஒலி மாறிவிட்டது, ஆகவே ஆளும் மாறிவிட்டான் என்றனர் வேறு சிலர். இதற்குள் பழைய எஞ்சினை ஒரு கமக்காரர் வாங்கித் தம் கிணற்றடியில் நீரிறைக்க வைத்திருந்தார். அது இயங்கும்போது, கண் மங்கிய கிழவியொருத்தி 'லொறி வருகுது' என்று பேரப்பிள்ளைகளை ஒழுங்கையிலிருந்து விலகச் சொன்னாளாம். கடையில் இதனைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பதற்குரியதா என்பது எமக்கு ஐயமாயிருந்தது. ஏனெனில் தத்துவஞானிகளைத் திணறடித்த வினாவே கிழவியின் வாயில் வந்திருந்தது.

கிரேக்க அறிஞர் புளூற்றாக், தீசியஸின் கப்பலைப் பற்றிச் சொல்கிறார். அதெனியர் அதனைப் பேணினர். உக்கிய பலகையை நீக்கிப் புதிய பலகை வைத்தனர். அது அதே கப்பலா அன்றா என்று அறிஞர் இரு கட்சியாய்ப் பிரிந்து வாதிட்டனர். ஆங்கிலேயரான ஹொப்ஸ் 1655இல் வெளியிட்ட நூலில் இதற்கு மேலுமொரு முடிச்சைப் போட்டார். நீக்கிய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து முன்போலவே பூட்டினால், இரண்டு கப்பல்களுள் எது தீசியஸினது? கிழவி கேட்ட ஒலி எஞ்சினின் பக்கம் நின்று இவ்வினாவுக்கு விடை சொல்லிற்று. இவர்களுக்கு நெடுநாள் முன்னரே கீழைத்தேயத்தில் நாகசேனர் என்னும் பிக்கு மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி வினவியதாக மிலிந்த பஞ்ஞ என்ற பாளி நூல் கூறும். அச்சுத் தேரா? சக்கரம் தேரா? ஏர்க்கால் தேரா? எதுவுமன்று, இவை சேர்ந்த இடத்தில் நாம் வழங்கும் பெயரே தேர் என்பது நாகசேனர் காட்டிய முடிவு. மூன்றினுள்ளும் இதுவே ஆழமானது என்பது எம் கருத்து. ஆயினும் அரசனும் பிக்குவும் பேசிய இடத்தில் தேரோட்டி பேசவில்லை. பெயரை வழங்குபவன் யார், எந்தப் பெயரை வழங்கினால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை அறிய அவனையும் கேட்டிருக்க வேண்டும்.

எமதூரில் பெயர் எவ்வாறு வழங்கப்பட்டது என்று பார்ப்போம். உரிமையாளர் வாடகைக்கு வந்தோரிடம், 'இது இப்ப புது லொறி. பழசெண்டு நினையாதேங்கோ' என்றார். அது பொய்யன்று. முன்னர் இரண்டு நடையில் கொண்டுசென்ற சல்லியை இப்போது ஒரே நடையில் இழுத்தது. வாடகையும் உயர்ந்தது. நடைகள் கூடியதால் சாரதி சம்பள உயர்வு கேட்டார். அவருக்குக் கிடைத்த விடை வேறு. 'அண்ணை, அதே லொறிதானே? அதே சீற், அதே ஸ்ரியறிங். புதுசா நீங்கள் என்ன படிச்சனீங்கள்?' ஒரே லொறி வாடகைக்காரருக்குப் புதியதாகவும் சாரதிக்குப் பழையதாகவும் ஒரே நாளில் இருந்தது. இதில் உரிமையாளர் தம்மை ஏமாற்றுக்காரராகக் கருதியிருப்பார் என்று நாம் எண்ணவில்லை. இரண்டையும் அவர் மனமார நம்பினார். தமக்கு இலாபமானதை நேர்மையோடு நம்புவது மனித இயல்பிலே அரிதன்று.

சாரதியோ உள்ளத்தால் பழமையின் பக்கம் நின்றவர். 'ஆர் என்ன சொன்னாலும் இது அந்த லொறிதான்' என்று தேநீர்க்கடையில் மேசையைத் தட்டியவர் அவரே. மண்ணெண்ணெய்ப் புகையை உண்ட ஆண்டுகளை அவர் அந்த இருக்கையில் கழித்திருந்தார். தாம் ஓட்டியது இன்னொரு லொறி என்று ஒப்புவது, அந்த ஆண்டுகளை விட்டுக்கொடுப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கும்.

இதன்பின் நடந்ததை விளங்கிக்கொள்ளப் பிறேக்கைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் ஒரு மூடி உண்டு. சாரதி அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் மூடி அடைபடும். எஞ்சின் காற்றுக்குத் தவித்து இழுக்க, மூடிக்கு அப்பால் வெற்றிடம் உண்டாகும். பெட்போட்டின் பிறேக், குழாய்வழியே அந்த வெற்றிடத்தைப் பெற்று, மிதிக்கும் காலுக்குத் துணையாகப் பயன்படுத்தியது. பல தொன் பாரத்தை ஒரு மனிதனின் கால் தனித்து நிறுத்துவது அரிது; நிறுத்தியதில் பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்தது எஞ்சினின் உறிஞ்சலே. டீசல் எஞ்சினோ காற்றை அடைத்துக் கட்டுப்படுத்தப்படுவதன்று. எரிபொருளைக் கூட்டிக் குறைத்தே அதனை ஆள்கிறோம். ஆகவே பிறேக் கடன்வாங்குவதற்கு அதனிடத்தில் வெற்றிடம் இல்லை. இக்குறையை நீக்கவே ஜப்பானியர் பலவகை எஞ்சின்களில் அல்ரனேற்றரின் பின்புறத்தில் ஒரு சிறு வெற்றிடப் பம்பியைப் பொருத்தினர். எமதூருக்கு வந்த எஞ்சினில் அல்ரனேற்றர் இல்லை. விற்றவர் அதனைக் கழற்றித் தனியே விற்றிருந்தார். மலிவான வேறோர் அல்ரனேற்றர் பூட்டப்பட்டது. அதில் பம்பி இல்லை.

மெக்கானிக்குக்கு இது தெரியும். பம்பி வேண்டும் என்று சொன்னார். பிறகு பார்ப்போம் என்றார் உரிமையாளர். எஞ்சினுக்கே கடன் பட்டிருந்தார். பம்பி பூட்டும்வரை பாரம் ஏற்றக்கூடாது என்ற சொல்லோடு மெக்கானிக் லொறியைக் கையளித்தார். சாரதிக்கும் தெரியும், மிதி இறுகியிருப்பதைக் கால் முதல்நாளே சொல்லிவிட்டது. ஆனால் பல மாதம் உழைப்பின்றி இருந்தவர் அவர். இழுக்கும் வலிமையைப் புகழ்ந்த ஊரவரில் நிறுத்தும் வலிமையைப் பற்றி வினவியவர் எவருமில்லை. கராஜில் ஏழு வாரம் குந்தியிருந்து எல்லாவற்றையும் கேட்டறிந்த நாமும் வினவவில்லை.

மூன்றாவது வாரம், சல்லி நிறைந்த லொறி புகையிரதக் கடவையை அணுகியது. 1990இல் நின்று, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த பாதை அது. அந்தக் கடவைக்குப் படலை இல்லை. வண்டி வரும் ஒலி கேட்டுச் சாரதி மிதித்தார். மிதி கல்லாயிருந்தது. இரு காலாலும் எழும்பி நின்று மிதித்தார். வேகம் குறைந்ததேயன்றி லொறி நிற்கவில்லை. ஸ்ரியறிங்கை ஒடித்து, தண்டவாளத்துக்கு ஒரு முழம் இப்பால் ஈச்சம் பற்றைக்குள் கொண்டுபோய்ச் செருகினார். முன்னே சைக்கிளில் நின்ற பள்ளிச் சிறுமியர் இருவர் பற்றைக்கு மறுபக்கம் குதித்தனர். ஒருவருக்கும் காயமில்லை. அச்சிறுமியரை நாம் நாள்தோறும் வகுப்பில் காண்கிறோம்.

அன்று மாலை சாரதி லொறியின் திறப்பை உரிமையாளரின் திண்ணையில் வைத்தார். 'தம்பி, நான் ஓடினது அந்த லொறி. இதை எனக்குத் தெரியாது' என்றார். உரிமையாளர் திகைத்தார். 'முப்பத்தைஞ்சு வருசமா இந்த லொறியோடை சீவிச்ச உங்களுக்கு இதின்ரை பிறேக் தெரியாதோ, அண்ணை?' என்று கேட்டார்.

அதே லொறிதான் என்று மேசையைத் தட்டியவர் வேறு லொறி என்றார். இதனைத் தடுமாற்றம் என்று கூறுவார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. முன்னையது நினைவு சொன்ன விடை; பின்னையது பொறுப்பு சொன்ன விடை. பழைய லொறியில் அவருக்கு ஓர் உடன்பாடு இருந்தது: நான் மிதித்தால் நீ நிற்பாய். அந்த உடன்பாட்டில் ஒரு பங்காளியை அவரைக் கேளாமலே நீக்கிவிட்டார்கள். உரிமையாளர் காட்டிய சீற்றும் ஸ்ரியறிங்கும் மாறாதிருந்தன. மாறியது அவற்றுக்கிடையிலிருந்த உறவு. ஒரு பொருள் அதே பொருளா என்னும் வினாவைப் பொருளை மட்டும் பார்த்துத் தீர்க்க இயலாதென்று நாம் சொல்வது இதனாலேயாம். அப்பொருளை நம்பித் தம் உடலை ஒப்படைத்தோர்க்கு அது முன்னர் கொடுத்துவந்ததை இன்னும் கொடுக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சேக்கிழார் பாடிய திருமூலர் வரலாறு இங்கே எமக்கு நினைவுக்கு வருகிறது. வடதிசையிலிருந்து வந்த யோகியார், சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடப்பதையும் பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதையும் கண்டு இரங்கி, தம்முடலை மறைவில் வைத்து, அவனுடலில் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மாலையில் மூலனின் மனைவி வந்தாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்றார் அவர். அவள் ஊர்ச் சான்றோரிடம் முறையிட்டாள். அவர்களோ இவர் யோகத்தில் நிற்பவர், மீட்கவியலாது என்று அவளைத் தேற்றி அனுப்பினர். பக்தர்கள் இக்கதையில் கூடுவிட்டுக் கூடுபாய்ந்த அற்புதத்தைக் காண்பர். வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் எம் மனம் செல்வது அந்தப் பெண்ணிடமே. பசுக்களுக்கு ஆள் மாறவில்லை; சான்றோருக்கு மாறியது பெருமையாகத் தோன்றியது; மாற்றத்தின் விலையை மட்டும் அவள் தனியே கொடுத்தாள். அவளுடைய வழக்கு என்னவென்று ஊர் மீண்டும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

எஞ்சினைக் கண்டவரின் கனவும் இந்த வழக்கோடு தொடர்புடையதே. றுடோல்ஃப் டீசல் 1897இல் ஜேர்மனியின் ஓக்ஸ்பேர்க் நகரில் தம் எஞ்சினை இயக்கிக் காட்டியபோது, எரிபொருளின் வெப்பத்தில் நாலிலொரு பங்குக்குச் சற்று மேலாக அது வேலையாக மாற்றியது. அந்நாளைய நீராவி எஞ்சின்கள் இதன் பாதியை எட்டுவதும் அரிதாயிருந்தது. பெரிய ஆலைகளின் நீராவி வலிமைக்கு முன் நசிந்துகொண்டிருந்த சிறு தொழிலாளரின் பட்டறைக்குத் தம் கண்டுபிடிப்பு கைகொடுக்கும் என்று அவர் எண்ணினார். 1903இல், தொழிலாளர் தம் சிறு தொகைகளைச் சேர்த்துத் தமக்கே உரிய தொழில்களை அமைக்கும் வழியை விளக்கி, ஒருமைப்பாட்டைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். எஞ்சினை வாங்க உலகெங்கும் ஆட்கள் வந்தனர். நூலை வாங்கியோர் மிகச் சிலரே. 1913ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29ஆந் தேதி இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து அவர் கடலில் மறைந்தார். எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு நூலை விட்டுவிட்டது உலகம். பம்பியைக் கழற்றிவிட்டு எஞ்சினை விற்ற வணிகரின் வேலையும் ஏறக்குறைய இத்தகையதே என்று கூறினால், உவமையை விடுவதாகச் சொன்ன நாம் வாக்குத் தவறியோராவோம், ஆயினும் சொல்லிவிட்டோம்.

பம்பி ஒரு மாதத்துக்குள் வந்தது. மெக்கானிக் கூலி வாங்காமல் அதனைப் பூட்டினார். சொல்லை நம்பி லொறியைக் கையளித்தது தம் பிழை என்றார். நாம் அறிந்தவரையில், இவ்விடயத்தில் தம் பிழையென்று வாய்திறந்தவர் அவர் ஒருவரே. எஞ்சினுக்கு இன்னொரு குறையும் பின்னர் தெரியவந்தது. 2022இல் நாடெங்கும் எரிபொருள் இல்லாதொழிந்தபோது, தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அந்த லொறி டீசல் வரிசையில் நான்கு நாட்கள் அசையாது நின்றது. அத்துணை உயர்ந்த அழுத்தத்தில் இயங்கும் நுண்ணிய பம்பி, தூய டீசலின் வழவழப்பில்லாமல் தேய்ந்துவிடும். கண்ட எண்ணெயையும் கலந்து ஓட்டும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை. தடைக்காலத்தில் சாரதி காதால் கேட்டு, கையால் திருகித் திருத்தியவை பல. இப்போது மஞ்சள் விளக்கொன்று எரிந்தால் பட்டணத்து இளைஞருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். எரிபொருளில் மிச்சம், புகையில் குறைவு, இழுவையில் மேன்மை. இவை மெய்யான நன்மைகள், பழமையின்மீது கொண்ட பாசத்தால் நாம் இவற்றை மறுக்கவில்லை. அறிவு சாரதியின் காதை விட்டு நீங்கியதற்குக் கணக்கெழுதியவர் இல்லை என்பதையே குறிக்கிறோம்.

சாரதி மீண்டும் ஓட்டுகிறார். சம்பளம் சிறிது உயர்ந்தது. ஆனால் பம்பியின் விலையில் பாதி, ஆறு மாதத் தவணையில் அவருடைய சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டது. பிறேக் சாரதிக்கு வேண்டியது என்பது உரிமையாளரின் நியாயம். இதனைக் கேட்டு நாம் கொதித்தோம், சாரதி கொதிக்கவில்லை. பம்பி வாங்கிய பற்றுச்சீட்டைக் கடையிலிருந்து கேட்டு வாங்கி, கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கிறார். அதன் பின்புறத்தில் ஆறு தவணையும் தேதியோடு பென்சிலால் எழுதப்பட்டுள்ளன. எதற்கு என்று கேட்டோம்.

'லொறியை விக்கிற நாளிலை காட்டுறதுக்கு, மாஸ்ரர். நிக்கிறதிலை பாதி என்ரை' என்றார்.